பிடி

அந்த அக்காவின் பேரை நான் எழுதப் போவதில்லை. எப்படி எழுதினாலும் அதில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். சொல்வதற்கு இப்போது ஆள் இல்லை. அதனால் எழுதாமலே விடுகிறேன்.

கொடைக்கானல் பஜாரிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சந்தில் எனக்கு ரிப்பேர் கடை. கேஸ் ஸ்டவ், குக்கர், குடை. கடை திறந்த அன்றைக்குச் சூடம் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, தான் பின்னிய கம்பளிக் குல்லாக்களைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு லட்டை நீட்டினேன். வாங்கி வாயில் போட்டு மென்றுகொண்டே என் கடைப் போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

"குககர்னா என்ன தம்பி?"

"என்னக்கா?"

"போர்டுல குககர்னு போட்டிருக்கே. அது என்ன சாமான்? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

திரும்பிப் பார்த்தேன். 'குக்கர்' என்று எழுத வேண்டிய இடத்தில் பெயிண்டர் ஒரு புள்ளியை விட்டுவிட்டான். சிவப்பு எழுத்தில், பெரிதாக, குககர். எனக்குக் கோபம் வந்தது. பெயிண்டர் மேல் வந்திருக்க வேண்டும். அவள் மேல் வந்தது.

"லட்டு எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க" என்றேன்.

"ஏலக்கா தூக்கல்" என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்குக் குககரு. "ஏலே குககரு, உன் கடைக் குப்பை என் படிக்கு வருது." "ஏலே குககரு, ரேடியோவைக் குறை, பாடுறவனுக்குச் சளி பிடிச்சிருக்கு." வீம்புக்கே அந்தப் புள்ளியை நான் வைக்கவில்லை. அவள் சொல்லி ஒன்றைத் திருத்துவதா? என் போர்டு, என் இஷ்டம்.

குறை சொல்லாமல் அவளால் ஒரு டம்ளர் டீ குடிக்க முடியாது. அவள் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். சின்னப் பெண்ணாகக் கப்பலேறி வந்தவள். இந்த மலையில் மரப்பட்டை உரிக்கிற வேலைக்கு அவள் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். டீயைக் கடைசி வரைக்கும் தேத்தண்ணி என்றுதான் சொன்னாள். சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கிற பாய் முதல் தடவை பால் டீ கொடுத்தபோது, "இது கன்னுக்குட்டிக்கு ஊத்துறது" என்று திருப்பி அனுப்பினாள். பாய் பால் இல்லாமல் கொடுத்தார். "சாயம் சாஸ்தி" என்றாள். சாயத்தைக் குறைத்தார். "இதுக்குச் சுடுதண்ணியே குடுத்திருக்கலாம்" என்றாள். நானாக இருந்தால் தூக்கி ஊற்றியிருப்பேன். பாய் சிரிப்பார். "சொல்லிட்டுப் போகட்டும்ப்பா. டம்ளர் காலியாத்தானே திரும்பி வருது."

வாங்க வருகிறவர்களையும் விட மாட்டாள். மதுரையிலிருந்து வந்த ஒரு ஆள், நல்ல பெரிய தலை, ஒரு குல்லாவை எடுத்து மாட்டிப் பார்த்தார். அது உச்சியிலேயே நின்றுவிட்டது. "சின்னதா இருக்கேம்மா" என்றார்.

"குல்லா சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

அந்த ஆளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் குல்லா வாங்கிக்கொண்டு போனாள்.

ஊருக்கு ஒரு குறை என்றால் தனக்கு ரெண்டு. ஒரு நாள் முக்கால்வாசி முடிந்த குல்லாவை என் கண் முன்னால் இழுத்துப் பிரித்தாள். கீழே எங்கேயோ ஒரு கண்ணி விட்டுப் போயிருந்ததாம். நான் உற்றுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதே. இன்னும் எத்தனை பேருக்குத் தெரியணும்?"

ஒரு போர்டிங் ஸ்கூலில் ஆயாவாக இருந்தபோது அங்கே இருந்த தையல் டீச்சரிடம் இந்தக் குரோஷா வேலையைக் கற்றுக்கொண்டாளாம். ஒரே ஒரு வளைந்த ஊசி, ஒரு நூல் உருண்டை, அவ்வளவுதான் சாமான். ஊசியை அவள் 'கொளுக்கி' என்பாள். அது இலங்கைப் பேச்சு. "கொக்கின்னு சொல்லுங்களேன்" என்றால், "கொக்கி கறிக்கடையில தொங்கும்" என்பாள். கொளுக்கி நூலுக்குள் போகும், வரும், போகும், வரும். பேசிக்கொண்டே, திட்டிக்கொண்டே, ஆளைப் பார்த்துக்கொண்டே. கையைப் பார்க்கவே மாட்டாள்.

அந்தக் கைதான் போக ஆரம்பித்தது.

முடக்குவாதம். முதலில் காலையில் விரல் மடங்கவில்லை என்று வெந்நீர் வாளியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு விரல் மொளி எல்லாம் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், நல்ல மாத்திரைதான், வலி குறைந்தது. ஆனால் சாய்ந்த விரல் நிமிரவில்லை. வலது கை பரவாயில்லை. இடது கை விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டன, மேட்டில் காற்று அடித்து அடித்து வளர்ந்த மரம் மாதிரி.

அப்போது வந்த கூட்டம் எல்லாம் எனக்கு ஆகாத கூட்டம். "அய்யோ பாவம்" என்று நின்று பார்க்கிறவர்கள். குல்லாவை வாங்காமல் கையைப் போட்டோ எடுக்கிறவர்கள். ஒரு பெண் வந்து, இந்த மாதிரிக் கைக்குக் குரோஷா நல்ல எக்சர்சைஸ், நல்ல டைம்பாஸ் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள். சோற்றுக்குச் செய்கிற வேலையை எக்சர்சைஸ் என்று சொல்ல, முதலில் நல்லா சாப்பிட்டிருக்க வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட இன்னொருத்தி, "இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்குப் பாட்டி கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டாள்.

"அந்தச் செருப்பை வச்சுக்கிட்டு நீ மலை ஏறலையா?" என்றாள் அக்கா.

வாய் ஓடியது. கை ஓடவில்லை. கயிற்றில் குல்லாக்கள் குறைந்துகொண்டே வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரே மகன். கீழே கன்னிவாடியில் குடும்பம். சொந்தமாக லோடு வண்டி வைத்து ஓட்டுகிறான். வில்பட்டிக்குக் கேரட் ஏற்ற வரும்போதெல்லாம் அம்மாவைப் பார்க்காமல் போக மாட்டான். அவன் அப்பா செத்தபோது, கீழே வந்துவிடு என்று அவன் கூப்பிட்டிருக்கிறான். இவள் சொல்லியிருக்கிறாள்: "கை ஓடுற வரைக்கும் மேல இருப்பேன். கை நின்னா நானே எறங்கி வந்துருவேன். நீ கூப்பிட வேணாம்." சொன்னால் செய்துவிடுகிற ஆள் அவள். அவன் பிறகு கூப்பிடவே இல்லை. வருவான், கயிற்றைப் பார்ப்பான். எத்தனை குல்லா தொங்குகிறது என்று பார்ப்பான். அவன் பார்ப்பதை அவள் பார்ப்பாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவே அதிசயம். என் ஸ்டூல் ஆடுகிறது என்று உட்காரவே மாட்டாள்.

"பொங்கலுக்கு வண்டியைக் கொண்டாந்து கூட்டிட்டுப் போறேங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? நான் சொன்ன சொல்லுதானே."

"மகன் நல்லவன்தானே. மருமகளும் நல்ல பிள்ளை."

"எல்லாரும் நல்லவங்கதான்டா. அதான் சோலியே. போன தடவை போயிருந்தப்ப, சோறு குழைஞ்சிருக்குன்னேன், 'சரிங்கத்தை'ங்கிறா. ஃபேன் சத்தம் போடுதுன்னேன், 'சரிம்மா'ங்கிறான். பேரப்பிள்ளை வரைக்கும் சரிங்குது. ஒருத்தர் எதிர்த்துப் பேச மாட்டேங்கிறாங்க. அங்க போயி எப்படிடா உசிரோட கெடக்கிறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ரெண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடி இல்லடா குககரு. பிடி மட்டும் இருந்தா இன்னும் ஓட்டிருவேன்."

"அவ்வளவுதானே?" என்றேன்.

என் கடையில் பிடி இல்லையா? ஒரு டிராயர் முழுக்கப் பிடிதான். நீளப் பிடி, குட்டைப் பிடி, காதுப் பிடி, தோசைக்கல் பிடி. நாளைக்கு வெள்ளனே தருகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு குக்கரின் நீளப் பிடியில் ஓட்டை போட்டு, அவளுடைய கொளுக்கியை அதற்குள் செருகி, பசை வைத்து இறுக்கிக் கொடுத்தேன். அழுத்தமான கறுப்புப் பிடி. யார் கையிலும் நிற்கும். அவள் அதை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எத்தனை விசில் விடணும்?"

கனம் மணிக்கட்டை இழுக்கிறது என்றாள். சரி. சைக்கிள் ஹாண்டில் ரப்பரை வெட்டி மாட்டிக் கொடுத்தேன். "இதால பின்னுன குல்லாவைப் போட்டா தலை பஞ்சர் கடை மாதிரி நாறும்" என்றாள். சரி. கனமே இல்லாத பஞ்சுக் குழாய் ஒன்றை, தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிறது, வாங்கிவந்து போட்டேன். அதோடு செருப்புத் தைக்கிற அண்ணனிடம் சொல்லி, உள்ளங்கையைச் சுற்றி ஒரு தோல் பட்டை, அதில் கொளுக்கி நிற்க ஒரு பை. விரலால் இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம். பட்டையே பிடித்துக்கொள்ளும். மாட்டிப் பார்த்தாள். கையை உதறிப் பார்த்தாள். கொளுக்கி அசையவில்லை.

"நல்லா உக்காருது" என்றாள்.

அவள் வாயிலிருந்து 'நல்லா' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா பிடி இல்லையே" என்றாள்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. மகன் வேறு போனில் தேடி ஒரு பெட்டி வரவழைத்துக் கொடுத்திருந்தான். கலர் கலராக மெத்துமெத்தென்று கைப்பிடி வைத்த கொளுக்கிகள். ஒன்றில் நுனியில் லைட் வேறு எரிந்தது. "கரண்டு போனா இதை வச்சு அடுப்பு பத்தவைக்கலாம்" என்றாள். அதையும் பிடித்துப் பார்த்துவிட்டு, பிடி இல்லை என்றாள்.

"இதுக்கு மேல பிடி வேணும்னா லாரி ஸ்டியரிங்கைத்தான் கழட்டிக் கொண்டாரணும்!"

"கொண்டா. அதுலயும் இருக்காது."

இப்படியே மார்கழி வந்துவிட்டது. பனி கொட்டுகிற மாதம், குல்லா விற்கிற மாதம். அவள் கயிற்றில் நாலைந்துதான் தொங்கியது. எல்லாம் பழசு. பொங்கல் நெருங்க நெருங்க அவள் குறை சொல்வதுகூடக் குறைந்தது. பாய் ஒரு நாள் டீயில் சாயத்தை வேண்டுமென்றே ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார். பேசாமல் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். பாய் என்னிடம் வந்து, "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே மேகம் சந்துக்குள் இறங்கிவிட்டது. நான் ஒருத்தருடைய குக்கருக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்திலேயே நின்றார். அக்கா படியில் உட்கார்ந்து ஒரு குழந்தைக் குல்லாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் தோல் பட்டை. குல்லா இடது கையில் நிற்காமல் நழுவியது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கினாள். தாடையால் அழுத்தினாள். நழுவியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பிடி இல்ல" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

"குடு இங்க! போதும்! கீழயே போயி நல்லவங்களோட நல்லா இருங்க. குடுங்கிறேன்ல!"

குல்லாவின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. கொளுக்கியில் நூல் மாட்டியிருந்தது, கொளுக்கி பட்டையில் இருந்தது, பட்டை கையில் இருந்தது. நான் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, குல்லா நடுவில் விறைப்பாக நின்றது. அந்த விறைப்பில் கொளுக்கி ஒரு கண்ணிக்குள் போனது. நூலைக் கவ்வியது. வெளியே வந்தது.

ரெண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

மறுபடி போனது. மறுபடி வந்தது.

நான் கையைத் தளர்த்தினேன். "ஏலே விடாத!" என்று கத்தினாள்.

"என்னது?"

"விடாதடா! அப்படியே பிடி! அதான்டா பிடி! அதைத்தான்டா இம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொளுக்கி வலது கையில் இருக்கிறது என்று நான் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. குத்துகிறதும் இழுக்கிறதும்தான் அதன் வேலை, அது அதைச் செய்யும். பின்னுகிற துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதும், நூலைத் தளரவிடாமல் வைக்கிறதும் இடது கை. போனது அந்தக் கை. அவள் பிடி என்று சொன்னது, பிடித்துக்கொள்வதை. நான் புரிந்துகொண்டது கைப்பிடியை.

"அண்ணே, என் குக்கரு..." என்றார் கடையில் நின்றவர்.

"கையில வேலை இருக்கு, தெரியலையா?" என்றேன். ரோஸ் கலர் குழந்தைக் குல்லாவை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கடை பாய் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "என்னப்பா, புதுச் சோலி பிடிச்சுட்டியா?"

ஒரு சுற்று முடியும் வரைக்கும் அவள் என்னை விடவில்லை.

"தெளிவாச் சொல்லித் தொலைஞ்சா என்ன? பிடிச்சுக்கிறதுக்கு ஒண்ணு வேணும்னு சொல்லணும்" என்றேன்.

"பிடி இல்லன்னா பிடி இல்லன்னு அர்த்தம்."

"என் கடையில பிடின்னா கைப்பிடி."

"அது குககரு தமிழு. நான் பேசினது மனுசத் தமிழு."

இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு அவள் மேல்தான். ஒரு குக்கர் கடைக்குள் வந்து உட்கார்ந்து பிடி இல்லை என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

அதற்குப் பிறகு செய்தது நான் செய்தது என்று சொல்ல முடியாது. அவள் படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கத்திக்கொண்டே செய்தேன். மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற தேங்காய்த் துருவி ஒன்று உடைந்து கிடந்தது. அதன் அடிப்பாகத்தை எடுத்தேன். அதன் மேல் பரீட்சை அட்டையின் பெரிய கிளிப். கிளிப் கம்பளியைக் கடிக்கிறது என்றாள், சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டினேன். ஒரு பக்கமாகவே நிற்கிறது என்றாள், குடைக் கம்பியில் ஏறி இறங்குகிற வளையத்தில் கிளிப்பை உட்கார வைத்தேன், சுற்றியது. நூல் தளராமல் வர, பழைய தையல் மெஷினில் நூலை அழுத்துகிற ரெண்டு தகடும் ஸ்பிரிங்கும். அதுவும் சரியாக உட்கார்ந்தது.

ஆனால் கிளிப்பைத் திறக்க அவள் விரலுக்கு வலு இல்லை. நாலைந்து கண்ணிக்கு ஒரு தடவை துணியை நகர்த்தியாக வேண்டும். அதற்கு நான் போய்த் திறந்துவிட முடியுமா? அதற்குத்தான் சைக்கிள் பிரேக் வயர். ஒரு முனை கிளிப்பில், மறுமுனை காலடியில் ஒரு பெடலில். மிதித்தால் கிளிப் வாயைத் திறக்கும். விட்டால் கவ்வும். பெடல் உயரம் என்றாள். குறைத்தேன். வயர் கிறீச்சிடுகிறது என்றாள். எண்ணெய் விட்டேன். எண்ணெய் நாறுகிறது என்றாள். "மூக்கைப் பொத்திக்கிட்டுப் பின்னுங்க" என்றேன். பாய் கொடுத்த டீயை அவள் திருப்பி அனுப்பினாள் என்று கேள்விப்பட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பேர் வைத்தவளும் அவள்தான். கங்காணி.

"தோட்டத்துல எங்களை வேலை வாங்கக் கங்காணின்னு ஒருத்தன் இருப்பான். ஒரு வேலை செய்ய மாட்டான். பிடிச்ச பிடியை விடவும் மாட்டான். எங்கப்பா அவனுக்கு நடுங்குவாரு." பெடலை மிதித்தாள். கிளிப் திறந்தது. விட்டாள், கவ்வியது. மறுபடி மிதித்தாள். "எங்கப்பா இருந்து பாத்திருக்கணும். கங்காணி என் காலுக்கடியில கெடக்கான். மிதிச்சா வாயைத் திறக்கான்."

அன்றைக்கு வேலை எதுவும் செய்யாமல், சும்மாவே கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் மகன் வந்தான். வண்டி காலியாக வந்தது. உள்ளே சாமான் கட்டக் கயிறு. கையில் கரும்பும், மருமகள் கொடுத்துவிட்ட பொங்கலும். அக்கா படியில் ஒரு சின்ன மேசை போட்டு, கங்காணியை மாட்டி, பின்னிக்கொண்டிருந்தாள். அவனை வா என்று சொன்னாள், கையை நிறுத்தவில்லை. முன்னெல்லாம் ஆளைப் பார்த்துக்கொண்டு பின்னுகிறவள், இப்போது கொளுக்கியையே பார்த்தாள். மெதுவாகத்தான் போனது. கண்ணி, கண்ணி, கண்ணி, மிதி, நகர்த்து. கண்ணி, கண்ணி.

அவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். நான் கடைக்குள் ஒரு குடையை வைத்துக்கொண்டு வேலை செய்கிற மாதிரி இருந்தேன். அந்தக் குடையில் ஒரு ரிப்பேரும் இல்லை.

"முன்ன மாதிரி வரலையேம்மா" என்றான்.

"முன்ன மாதிரி வரும்னு நான் எப்ப சொன்னேன்? ஓடுற வரைக்கும்னு சொன்னேன். ஓடுதா, இல்லையா?"

"மெஷின்லம்மா ஓடுது."

"மெஷினு சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஓடுறது யாரு? நல்லாப் பாருடா."

"கீழ வந்தா இதெல்லாம் எதுக்கும்மா? நாங்க இல்லையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, அதான் கை ஓடுதுல்ல, சொன்ன சொல்லு சரியாப் போச்சுல்ல?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? தேங்காத் துருவி என்னோடது!"

அவன் சிரித்துவிட்டான். நல்ல பையன்தான். கயிற்றைப் பார்த்தான். புதிதாக மூன்று குல்லா தொங்கின. ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

"கோணலாப் போடாத" என்றாள்.

சரிசெய்துகொண்டான். "சரிம்மா. அப்ப எப்பத்தான் கீழ வருவ? ஒரு நாளைச் சொல்லு. நானும் ஒவ்வொரு தடவையும் கயித்தையே பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவள் பெடலை மிதித்தாள். துணியை நகர்த்தினாள். யோசித்தாள். பிறகு மெதுவாக அண்ணாந்து என் கடைப் போர்டைப் பார்த்தாள்.

"அந்தா, அவன் போர்டுல ஒரு புள்ளி இல்ல பாரு. அதை அவன் வைக்கட்டும். வச்ச மறுநாளே எறங்கிருவேன்."

மகன் போர்டைப் பார்த்தான். இத்தனை வருஷம் வந்து போனவன், அப்போதுதான் அதை வாசித்தான். உதடு அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே இது? ஒரு புள்ளிதானே?"

"என் போர்டு, என் இஷ்டம்" என்றேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பின்ன ஆரம்பித்தாள். சாமான் கட்டக் கொண்டுவந்த கயிறு வண்டிக்குள் அப்படியே கிடக்க, அவன் காலி வண்டியோடு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு பல பனிக்காலம் அவள் மேலேதான் இருந்தாள். வேகம் திரும்பவில்லை. முன்னே ஒரு நாளில் முடிக்கிறதை இப்போது மூன்று நாளில் முடித்தாள், வாங்க வருகிறவர்கள் அவசரப்பட்டால், "வெரசா வேணும்னா கடையில போயி வாங்கு" என்றாள். கங்காணிக்கு மாதம் ஒரு குறை கண்டுபிடித்தாள், நான் மாதம் ஒரு சண்டை போட்டுவிட்டுச் சரிசெய்தேன். பண்ணைக்காட்டிலிருந்து ஒரு அம்மா, பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், கேள்விப்பட்டு வந்து இதே மாதிரி ஒன்று கேட்டார். நான் கங்காணியைக் காட்டி, இதையே செய்துதரவா என்றேன். அக்கா விடவில்லை. "முதல்ல அவங்களைப் பின்னச் சொல்லு. எந்தக் கை என்ன செய்யுதுன்னு பாரு. இவன் பிடின்னா குக்கருப் பிடியைக் குடுப்பாம்மா, பாத்துக்குங்க" என்றாள், வந்தவரிடம்.

மகன் ஒரு தடவை வரும்போது சின்ன டப்பாவில் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்தான். ஏணியைக் கேட்டான். ஸ்பேனரைக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரித்தோம். அவள் மட்டும், "பிரஷ்ல முடி கொட்டுது, நல்ல பிரஷா வாங்கத் தெரியாதா?" என்றாள்.

ஒரு தை மாதக் காலையில் அவள் எழுந்திரிக்கவில்லை. வலி, ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. நான் போனபோது மேசை ஜன்னலோரம் இருந்தது. கங்காணி வாயில் பாதிக் குல்லா. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பாய்தான் பெடலை மிதித்து அதை எடுத்தார். அவளை மேலேயே புதைத்தோம். கீழே கொண்டுபோக வேண்டும் என்று மகன் கேட்கவே இல்லை. கங்காணியை மட்டும் கேட்டான். கொண்டுபோ, எண்ணெய் விடாவிட்டால் கத்தும் என்றேன்.

இந்த வருஷ மழையில் என் போர்டு ரொம்பவே உரிந்துவிட்டது. புதிதாக எழுத ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டேன். பழைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திக் கீழே பார்த்தான்.

"அண்ணே, இந்த 'க'வுக்குப் புள்ளி விட்டுப் போயிருக்கு. வச்சிரவா?"

"வைக்காத. இருக்கிற மாதிரியே எழுது."

"தப்புண்ணே. படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"உன்னை எழுதக் கூப்பிட்டேனா, படிக்கக் கூப்பிட்டேனா? இருக்கிற மாதிரியே எழுதுடான்னா எழுது."

அவன் முனகிக்கொண்டே எழுதினான். குககர். சிவப்பில், பெரிதாக.

அவனுக்கு எப்படிச் சொல்வது? புள்ளி வைத்தால் மறுநாளே இறங்கிவிடுவேன் என்று சொன்னவள் அவள். சொன்னால் செய்துவிடுவாள்.